உப்பு பாருங்க, டீச்சர்!

போன இதழில் நோன்புக் கஞ்சியைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களை ஆசிரியர் ஒரு மஞ்சள் பையில் போட்டு அனுப்பிவிட்டார். பாதிப் பேர் செய்முறை கேட்டிருக்கிறார்கள். மீதிப் பேர் கேட்டிருப்பது கஞ்சியைவிடச் சிக்கலான சமாசாரம். வேறு வேறு மதத்துக்காரர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் என்ன ஆகும், உட்காராமல் போனால் என்ன ஆகும் என்று. சரி, இந்த மாதம் முழுக்க அதுதான். முட்டிவலிக்குக் கைவைத்தியம் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் நாகப்பட்டினத்துக்காரி. 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்த வருஷம் அமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்து 36 வருஷம் அரிசியும் பருப்பும் அளந்தவள். பாடம் நடத்தியதே இல்லை. ஆனாலும் ஊருக்கு நான் 'சத்துணவு டீச்சர்'. ஓய்வுக்குப் பிறகு தெருப்பெண்கள் சில பேர் சேர்ந்து விசேஷ நாட்களில் பொதுச் சமையல் செய்கிறோம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுப்படியிலிருந்து தெரிந்ததுதான்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாரும் சேர்ந்து இஃப்தார் விருந்து வைப்பதாகச் சங்கத்தில் முடிவு செய்தோம். 'சுத்த சைவம்' என்று அழைப்பிதழும் அடித்தாயிற்று. முஸ்லிம் குடும்பங்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் சரியில்லை. எங்கே தப்பு?
— சங்கப் பொருளாளர், மேடவாக்கம்

அந்தக் குடும்பங்களை யாராவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் சங்கம் பேசுகிறது, செயலாளர் பேசுகிறார், சமையல்காரர்கூட ரேட் பேசுகிறார். நோன்பு வைக்கிறவர்கள் மட்டும் வாயைத் திறக்கக் காணோம்.

சைவம் ஒரு பிரச்சினையே இல்லை. பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி, வடை, பழம் வைத்தால் எந்த நோன்பாளியும் குறை சொல்ல மாட்டார். அந்த 'சுத்த' இருக்கிறதே, அதுதான் குத்தியிருக்கும். உங்கள் சாப்பாடு சுத்தம் என்றால் அவர்கள் வீட்டுச் சாப்பாடு என்ன? நீங்கள் அப்படி நினைத்து அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஓட்டல் போர்டில் பார்த்துப் பழகிய வார்த்தை. ஆனால் ஒருவருடைய நோன்புக்கு அவரையே அழைக்கிற காகிதத்தில் அது இருக்கலாமா? 'சைவச் சாப்பாடு' என்று மட்டும் போட்டு மறுபடி அடியுங்கள். காகிதச் செலவு பெரிசில்லை.

கறியும் வைக்கலாம் என்று முடிவானால் ஹலால் கடையில் வாங்க வேண்டும். அந்தப் பொறுப்பை அவர்களிடமே விடுங்கள். சைவக்காரர்களுக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. கரண்டி மாறிவிடுமோ என்ற அவர்களுடைய பயமும் நியாயம்தான், அதைக் கேலி செய்ய வேண்டாம். உங்கள் பக்கம் ஜெயின் குடும்பங்கள் இருக்கலாம். அவர்களில் பலர் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். நோன்பு திறப்பதோ பொழுது சாய்ந்தபின்தான். இந்த முடிச்சு எந்தக் கூட்டம் போட்டாலும் அவிழாது. அவர்களைச் சாயங்காலம் பழம் நறுக்கவும் தட்டு அடுக்கவும் கூப்பிடுங்கள், சாப்பாட்டை முன்னாலேயே அவர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுங்கள். சேர்ந்து சாப்பிட முடியாதவர்கள் சேர்ந்து வேலை செய்யலாம்.

நேரம் முக்கியம். இதில் நானே சூடுபட்டவள். எங்கள் பக்கத்தில் ஒருமுறை ஒரு பொது அமைப்பு இஃப்தார் வைத்தது, சமையல் பொறுப்பு எனக்கு. ஒரு பெரிய மனிதரைப் பேச அழைத்திருந்தார்கள். அவர் வந்ததே தாமதம். வந்தவர் ஒற்றுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், பேசிக்கொண்டே இருந்தார். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு, அதாவது தொழுகை அழைப்பு, சொல்லியாயிற்று. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் கையில் பேரீச்சம்பழம். மைக்கில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது வாயில் போடுவது மரியாதையா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். விடியலிலிருந்து தண்ணீர் குடிக்காதவர்கள்! கடைசியில் ஒரு சின்னப் பையன் "வாப்பா, பாங்கு சொல்லிட்டாங்க" என்று சத்தமாகச் சொல்ல, எல்லாரும் சிரித்துக்கொண்டே நோன்பு திறந்தார்கள். பேச்சாளர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பந்தியில் நிகழ்ச்சி நிரல் போட்டவர்களில் நானும் ஒருத்தி. பாங்கு நேரத்தைக் கேட்டு எழுத எனக்கும் தோன்றவில்லை.

அதனால் பேச்சு வைப்பதானால் முன்னால் வையுங்கள், வைக்காவிட்டால் இன்னும் நல்லது. நோன்பு திறந்ததும் தொழப் போவார்கள், கால் மணி இருபது நிமிஷம் ஆகும். அதற்கு ஒரு சுத்தமான இடம், கைகால் கழுவத் தண்ணீர் வேண்டும். பெண்களுக்கும் இடம் ஒதுக்குங்கள், பல இடங்களில் மறந்துபோவது இதைத்தான். தொழுதுவிட்டு வந்தபின் பெரிய சாப்பாடு. அவர்கள் வரும்வரை மற்றவர்கள் காத்திருங்கள்.

அப்புறம், "முஸ்லிம்களும் நம்மில் ஒருவரே" என்று மேடையில் யாரையும் சொல்ல விடாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு லாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) இதைக் கேட்கும்போதெல்லாம் என் காதில் சொல்வார்: "நாங்க எப்ப டீச்சர் இல்லாமப் போனோம்?"

நான் பொங்கலுக்குக் கொண்டுபோன சர்க்கரைப் பொங்கலை என் முஸ்லிம் தோழி வாங்கிக்கொண்டாள், சாப்பிடவில்லை. விடுதியில் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டாள். மனசு விட்டுப்போயிற்று.
— கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

சாமிக்குப் படைத்த பொங்கலா, படைக்காததா? அவள் அதைத்தான் யோசித்திருப்பாள். இறைவன் அல்லாத ஒன்றுக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பது பல முஸ்லிம்களுக்கு மார்க்க விஷயம். உன்மேல் கோபமில்லை, பொங்கல்மேலும் கோபமில்லை. கிறிஸ்தவர்களிலும் இப்படி இருப்பவர்கள் உண்டு. புதுசும் இல்லை. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில் எட்டாம் அதிகாரம் முழுக்க இதே பஞ்சாயத்துதான், படைத்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்று. கிட்டத்தட்ட 2,000 வருஷமாக ஓடுகிற வழக்கை உங்கள் விடுதி அறையில் ஒரே நாளில் தீர்க்க முடியுமா? அதே சமயம், எல்லாம் வாங்கிச் சாப்பிடுகிற முஸ்லிம்களும் உண்டு. எங்கள் தெருவிலேயே இரண்டு வகையும் இருக்கிறார்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். பொங்கல் இறக்கியதும், படைப்பதற்கு முன்னாலேயே ஒரு தூக்கில் தனியாக எடுத்து மூடிவிடுவேன். கொடுக்கும்போது "படைக்காதது" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். என் அம்மா இருந்திருந்தால், சாமிக்கு முன்னால் எடுத்தால் எச்சில் இல்லையா என்றிருப்பாள். சாமி கோபித்துக்கொண்டதாக இதுவரை தகவல் இல்லை.

உன் தோழி தூக்கிப்போடாமல் சாப்பிடுகிற ஒருத்திக்குக் கொடுத்தாளே, அதைப் பார்த்தாயா?

நாட்டு நலப்பணித் திட்டத்தில் நாங்கள் சில மாணவர்கள் கோயில், சர்ச், பள்ளிவாசல் மூன்றிலும் அன்னதானத்துக்கு உதவப் போகிறோம். முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?
— மாணவர், திருவாரூர்

பாத்திரம் தேய்க்க.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பரிமாறுகிற இடத்தில் எல்லாரும் நல்லவர்களாக இருப்பார்கள். கரண்டி கையில் இருந்தால் யாருக்கும் முகத்தில் ஒரு பொலிவு வந்துவிடும், போட்டோவும் நன்றாக விழும். பேச்சு வருவது பின்பக்கம், அடிப்பிடித்த அண்டாவைச் சுரண்டுகிற இடத்தில்தான். ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை எங்கள் வழியாகக் காவி கட்டின கூட்டம் நடந்துபோகும். அதில் இந்துக்களும் நிறையப் பேர். நாங்கள் மோர்ப்பந்தல் போடுவோம், கொப்புளம் வந்த காலுக்கு மருந்து போடுவோம். லாத்தாவும் நானும் ஒரு கிறிஸ்தவ நர்சம்மாவும் டம்ளர் கழுவிக்கொண்டே பேசினதில்தான் மூன்று வீட்டு மருமகள்களின் கதையும் வெளியே வந்தது. மதநல்லிணக்கம் என்று தனியாக நாங்கள் ஒருநாளும் பேசினது கிடையாது. மருமகள்கள் விஷயத்தில் மூன்று மதமும் ஒன்றாகவே இருக்கிறது.

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு ஒருமுறை போயிருந்தேன். அங்கே லங்கர் என்கிற பொதுச் சமையற்கூடத்தில் சாதாரண நாளிலேயே ஐம்பதாயிரம் பேருக்குக் குறையாமல் சாப்பிடுகிறார்கள். யாராக இருந்தாலும் தரையில் வரிசையாக உட்கார வேண்டும். குரு நானக் தொடங்கியது. மூன்றாவது குருவான அமர்தாஸ், முதலில் பந்தி, பிறகுதான் தரிசனம் என்று விதியே வைத்தாராம். அக்பர் பாதுஷாவும் உட்கார்ந்து சாப்பிட்டபிறகே அவரைப் பார்க்க முடிந்தது என்று சீக்கியர்கள் சொல்கிறார்கள். என் மனசில் நின்றது வேறு. ரொட்டியை இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்க வேண்டும். நான் ஒரு கையை நீட்டினேன், பரிமாறியவர் சிரித்துக்கொண்டே நின்றார். பக்கத்தில் இருந்த பாட்டி என் இன்னொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். 36 வருஷம் போட்ட கை அது, நீட்டிப் பழக்கமில்லை.

இங்கே ஒரு பழைய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மத்தியானம் வீட்டிலிருந்து கொண்டுபோன டிபன் பாக்ஸைத்தான் திறப்பேன். பிள்ளைகள் மையத்துச் சாப்பாடு, நான் வீட்டுச் சாப்பாடு. சமைத்த ஆயாம்மா என்ன சாதி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு ஆயாம்மா ஒருநாள் கேட்டார், "டீச்சருக்கு மட்டும் எப்பவும் வயிறு சரியில்லையா?" கோபமில்லாமல்தான் கேட்டார். அன்றைக்கு டப்பாவை மூடிவிட்டு ஒரு தட்டை நீட்டினேன். சாம்பாரில் உப்பு தூக்கல். மறுநாள் அதைச் சொன்னேன், அவர் குறைத்தார். சாப்பிட்டவளுக்குத்தானே உப்பு தெரியும்?

எனவே தம்பி, மூன்று இடத்திலும் வேலை செய்துவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பிவிடாதே.

சென்னையில் ஒரு பள்ளிவாசலில் இந்துக்கள் வந்து நோன்பு திறக்கச் சாப்பாடு போடுகிறார்களாமே, வாட்ஸ்அப் கதையா, நிஜமா?
— வாசகர், சிதம்பரம்

நிஜம். மகள் திருவல்லிக்கேணியில் இருந்தபோது நானே பார்த்தேன். 1795-ல் ஆற்காடு நவாப் குடும்பம் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசல். மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் இருக்கிற சூஃபிதார் அறக்கட்டளைக்காரர்கள் ரமலான் மாதம் முழுக்கச் சைவச் சாப்பாடு சமைத்து வண்டியில் கொண்டுவருகிறார்கள். பல வருஷமாக நடக்கிறது. இதை ஆரம்பித்தவர் தாதா ரத்தன்சந்த், பிரிவினையின்போது சிந்துவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். அந்தப் பிரிவினையில் ஊரை இழந்தவர் பள்ளிவாசலுக்குச் சாப்பாடு அனுப்ப ஆரம்பித்தார் என்பதை நான் இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிட்டத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். தலையில் குல்லா போட்ட ஆண்கள் வாளியும் கையுமாக வரிசைக்குள் வேகமாகப் போகிறார்கள். முகத்தைப் பார்த்து யார் எந்த மதம் என்று சொல்ல முடியாது. பேச்சு ரொம்பக் குறைவு, பேனர் என் கண்ணில் படவில்லை. எல்லாரும் தொழப் போனபின் ஒரு பெரியவர் சிந்தின சோற்றைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். தெரிந்த பழக்கம், எங்கள் மையத்தில் நானும் செய்ததுதான்.

என் மாமியாருக்கு 78 வயது. பக்கத்து முஸ்லிம் வீட்டிலிருந்து பெருநாளுக்கு எது வந்தாலும் தொட மாட்டார். பேத்தியோ "பாட்டி மதவெறி" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது.
— குடும்பத் தலைவி, கும்பகோணம்

முதலில் பேத்தியைச் சமாதானப்படுத்துங்கள். 78 வருஷத்து நாக்கைச் சண்டை போட்டுத் திருப்ப முடியாது.

என் அம்மாவும் அப்படித்தான். ஆனால் லாத்தாவின் மாமியார் கெட்டிக்காரி. அம்மாவுக்கென்று சமைத்தது எதையும் அனுப்ப மாட்டார். பெருநாளன்று ஒரு தாம்பாளத்தில் அரிசி, தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. அம்மா மனசார வாங்கிக்கொள்வாள். அந்த அரிசியைத் தனியாக வைத்திருந்து வெள்ளிக்கிழமை சமைப்பாள், "பாய் வீட்டு அரிசி, குழைய விடாதே" என்பாள். நம் பக்கத்தில் சமைத்தது வாங்காத வீடுகளுக்கும் சமைக்காதது போய்க்கொண்டுதான் இருந்தது. கோயில் குடமுழுக்குக்குப் பள்ளிவாசல் ஜமாஅத்திலிருந்து பழத்தட்டோடு சீர் வரிசை வருகிற ஊர்கள் இப்போதும் உண்டு.

இதில் தீட்டுப் பார்க்கிற மனசு ஒளிந்திருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அதை நான் மூடி மறைக்கப்போவதில்லை. ஆனால் என் அம்மா கடைசி ஒரு வருஷம் படுக்கையில் இருந்தாள். அப்போது லாத்தா கொண்டுவந்த இடியாப்பத்தைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டாள். யாரும் வற்புறுத்தவில்லை. எனக்குச் சமைக்க நேரமில்லாத நாள், அவளுக்குப் பசி, அவ்வளவுதான். மறுநாள் "அந்தப் பொண்ணு இன்னிக்கு வராதா?" என்று கேட்டாள்.

உங்கள் மாமியாரை எதுவும் சாப்பிடச் சொல்லாதீர்கள். அந்தப் பக்கத்து வீட்டம்மாவை வெறுங்கையோடு வந்து அவரோடு கொஞ்சநேரம் உட்காரச் சொல்லுங்கள்.

சேர்ந்து சாப்பிட்டோம், சேர்ந்து பரிமாறினோம் என்கிறீர்கள். எல்லாம் போட்டோவுக்குத்தான். நாளைக்கு ஒரு வதந்தி கிளம்பினால் இந்த இட்லியும் கஞ்சியும் தடுத்து நிறுத்துமா?
— ஓய்வுபெற்ற ஊழியர், கோயம்புத்தூர்

கோபமான கடிதம். உங்கள் ஊர் பார்த்த கலவரத்தை வைத்துப் பார்த்தால் கோபத்தில் நியாயமிருக்கிறது. பதில் சொல்லச் சங்கடமாகவும் இருக்கிறது.

என் பேரன் ஒரு கட்டுரை படிக்கக் கொடுத்தான். அசுதோஷ் வார்ஷ்ணே என்ற ஆய்வாளர் 1990-களில் சில ஊர்களை ஜோடி ஜோடியாக எடுத்துப் பார்த்திருக்கிறார். கலவரம் அடிக்கடி வருகிற ஊர் ஒன்று, வராத ஊர் ஒன்று. உத்தரப் பிரதேசத்து அலிகாருக்கு ஜோடி நம் பக்கத்துக் கோழிக்கோடு. இரண்டு ஊரிலும் முஸ்லிம் மக்கள்தொகை விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். கோழிக்கோட்டில் இந்துக்களும் முஸ்லிம்களும் அடிக்கடி சேர்ந்து சாப்பிடுகிறோம் என்று சொன்னவர்கள் 83 சதவீதம், அலிகாரில் 54. இதைப் படித்ததும், பார்த்தாயா என்று எழுந்து நின்றுவிட்டேன்.

பேரன் மீதியையும் படிக்கச் சொன்னான். ஊர் பெரிதாகப் பெரிதாக, சேர்ந்து சாப்பிடுவது, பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவது மட்டும் போதாதாம். வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை என்று இரண்டு பேரும் உறுப்பினராக இருக்கிற அமைப்புகள்தான் நெருக்கடியில் அதிகம் தாங்குகின்றனவாம். அங்கே நட்பு மட்டுமில்லை, பிழைப்பும் சேர்ந்திருக்கிறது, உடைந்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம். வதந்தி வந்தால் யாருக்குப் போன் போட வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது. நான் ஆயுசு முழுக்கப் பெருமைப்பட்ட விஷயத்துக்கு இரண்டாம் பரிசு! கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், எங்கள் அடுப்படியும் அப்படித்தான் ஓடுகிறது. ஒரு நோட்டுப் புத்தகம், அதில் பெயர், போன் நம்பர், யார் வீட்டில் எந்த அண்டா, யார் எவ்வளவு பாக்கி. அந்த நோட்டை லாத்தா வைத்திருக்கிறார், பணத்தை நான் வைத்திருக்கிறேன். அதனால் மாசத்துக்கு ஒருமுறையாவது சண்டை போட்டாக வேண்டும்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறை, சத்துணவு மையத்துச் சாவி என் வீட்டு ஆணியில். அலை வந்து போனபின் கடலோரத் தெருக்களிலிருந்து ஈரத்துணியோடு ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு ஏறி வந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள், அது அப்போது தெரியாது. உள்ளே அரிசி மூட்டை இருக்கிறது, உத்தரவு இல்லாமல் எடுக்கக் கூடாது. எடுத்தேன். விறகு நனைந்துபோய்க் கிடக்கிறது. அந்த நேரத்தில் நாகூர்ப் பக்கத்து ஜமாஅத் பையன்கள் ஒரு லாரியில் விறகும் தேக்சா என்கிற பெரிய சமையல் பாத்திரம் இரண்டும் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்கள் யாரையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை, ஆனால் ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு "நம்ம டீச்சர்தானே!" என்றான். எங்கள் மையத்தில் சாப்பிட்ட பிள்ளை. அப்புறம் ராத்திரிவரை யார் கிளறினார்கள், யார் வடித்தார்கள் என்று சொல்ல முடியாது. வெறும் சோறும் பருப்புத் தண்ணியும்தான்.

நல்ல கதையாகச் சொல்லிவிட்டேன். அதே நாட்களில் சில முகாம்களில் தலித் குடும்பங்களைத் தனியே ஒதுக்கினதும் நடந்தது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரி. பந்தி எல்லாவற்றையும் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை, ஐயா. அந்தப் பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டானே, அது மட்டும் அந்தப் பந்தியால்தான்.

இந்த 'மதம் கடந்த சாப்பாடு' எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் சொல்லிக் கொடுத்ததா?
— வாசகர், விருத்தாசலம்

உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் வடலூர். 1867-ல் வள்ளலார் அங்கே தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை, யார் என்ன என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். எங்கள் பக்கம் வந்தால் நாகூர் தர்கா. அதன் ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டியவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங். கந்தூரி என்கிற தர்கா திருவிழாவுக்குச் சந்தனக்கூடு ஊர்வலம் நாகப்பட்டினத்திலிருந்துதான் கிளம்பும். நேரமிருந்தால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம், சாப்பாட்டுச் செலவு கிடையாது.

டீச்சர், நீங்கள் சாப்பிட்டதிலேயே மறக்க முடியாத பந்தி?
— வாசகி, காரைக்கால்

லாத்தா மகள் கல்யாணத்தில் சஹன் சாப்பாடு. காரைக்கால்காரிக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: ஒரு பெரிய தட்டில் சோறு, சுற்றி நாலைந்து பேர், எல்லார் கையும் ஒரே தட்டில். எனக்குத் தனி இலை போடப் போனார்கள். லாத்தா, "டீச்சர் வேற வீடா?" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். தன் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுக்க வேண்டும், நடுவில் கை நீட்டக் கூடாது என்று அங்கே ஓர் ஒழுங்கு இருக்கிறது. எனக்குத் தெரியாது, நீட்டிவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எதிரில் இருந்த கிழவி மட்டும் கறித்துண்டு ஒன்றை என் பக்கமாக மெல்ல நகர்த்திவிட்டார். நடுவில் நான் எதற்காகக் கை நீட்டினேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

நோன்புக் கஞ்சி 100 பேருக்கு, அளவோடு சொல்லுங்கள்.
— 31 பேர், பல ஊர்கள்

பள்ளிவாசல்களுக்கு இந்தக் கஞ்சிக்கென்றே தமிழக அரசு வருஷாவருஷம் பச்சரிசி கொடுக்கிறது. அஸர் என்கிற சாயங்காலத் தொழுகை முடிந்ததும் தூக்குச்சட்டியோடு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வரிசையில் நிற்பதை எங்கள் ஊரில் பார்க்கலாம். நீங்கள் வீட்டுப் பக்கம் செய்வதானால் இது சைவக் கணக்கு.

பச்சரிசி நொய் 4 கிலோ, பாசிப்பருப்பு அரைக் கிலோ. இரண்டையும் கழுவி அரை மணி ஊறவைத்துவிடுங்கள். தண்ணீர் 30 லிட்டர், ஒரே தடவையில் ஊற்ற வேண்டாம், கடைசி 5 லிட்டரைக் கொதிக்கவைத்துத் தனியே வையுங்கள். எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், வெந்தயம் ஒரு கைப்பிடி. வெந்தயம் கருகினால் கஞ்சி கசக்கும், பொன்னிறத்தில் வெங்காயத்தைப் போட்டுவிடுங்கள், ஒன்றரைக் கிலோ. இஞ்சி பூண்டு விழுது கால் கால் கிலோ. தக்காளி ஒரு கிலோ, பச்சை மிளகாய் காரம் பார்த்து, கேரட் நறுக்கியது ஒரு கிலோ, புதினா, கொத்தமல்லி தாராளமாக. மஞ்சள்தூள். வதங்கினதும் தண்ணீர், கொதித்ததும் அரிசியும் பருப்பும். அங்கிருந்து துடுப்பை விடக் கூடாது. நொய் அடியில் உட்கார்ந்து பிடிக்கும், பிடித்தால் மொத்தமும் புகைவாடைதான். முக்கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். இறக்கும்போது நாலு தேங்காய்ப் பால். ஊற்றினபின் கொதிக்கவிடாதீர்கள், திரிந்துவிடும். ஆற ஆற இறுகும், அப்போதுதான் அந்த 5 லிட்டர் வெந்நீர்.

உப்பு மட்டும் நான் சொல்ல மாட்டேன். கிளறுகிறவர்கள் நோன்பில் இருப்பார்கள், வாயில் வைத்து ருசி பார்க்கப் பலருக்கு மனசு வராது. அதனால் நோன்பில்லாத ஆள் ஒருவர் பக்கத்தில் வேண்டும். எங்கள் தெருவில் அது என் வேலை. சாயங்காலம் நாலரைக்கு வாசலில் "உப்பு பாருங்க, டீச்சர்" என்று குரல் கேட்கும், ஒரு சின்னக் கிண்ணம் வரும், மேலே ஆவி பறக்க. ஊதிக் குடித்துவிட்டுச் சொல்வேன். போன வருஷம் எனக்கு ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், அதிலிருந்து என் நாக்குக்கு எல்லாமே கரிக்கிறது. ஒரு வாரம் தெருவே உப்பில்லாக் கஞ்சி குடித்திருக்கிறது, யாரும் மூச்சுவிடவில்லை. எட்டாம் நாள் லாத்தா கிண்ணத்தோடு என் பேரனைத் தேடிப் போய்விட்டார்.